புது காருக்கு செராமிக் கோட்டிங் அவசியமா? ஷோரூமில் பணம் கட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

புது கார் புக் பண்ணியாச்சு. லோன் ஓகே ஆகி, டெலிவரி தேதியும் குறிச்சாச்சு. கடைசியாக பில் போடும் இடத்தில்தான் அந்தக் கேள்வி வரும். "சார், பெயிண்ட்டுக்கு ஒரு கோட்டிங் போட்டுடலாமா? 5 வருஷத்துக்கு வண்டி புதுசாவே இருக்கும்."

10 லட்சம் ரூபாய் கார் வாங்கும்போது கூடுதலாக 30 ஆயிரம் என்பது பெரிய தொகையாகத் தெரியாது. புது வண்டி சந்தோஷத்தில் பலரும் சரி என்று தலையாட்டி விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து கதவில் கீறல் விழுந்த பிறகுதான், "கோட்டிங் போட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி வருகிறது.

டெஃப்ளான், செராமிக், கிராஃபீன், பிபிஎஃப் என்று பெயர்கள் நிறைய. இதில் எது என்ன வேலை செய்யும்? யாருக்குத் தேவை? யாருக்கு வீண் செலவு? பார்க்கலாம் வாங்க.

முதலில் சுருக்கமான பதில்

செராமிக் கோட்டிங் காரைக் கழுவும் வேலையைச் சுலபமாக்கும். பளபளப்பு கூடும், கறை ஆழமாகப் பிடிப்பது குறையும். ஆனால் கீறலையும், கல் தெறிப்பதையும் தடுக்காது. கல் தெறிப்பதில் இருந்து ஓரளவு உண்மையான பாதுகாப்பு தருவது பிபிஎஃப் எனப்படும் ஃபிலிம் மட்டும்தான். அதற்கு விலை அதிகம். இவை எதுவும் இல்லாமலும் பெயிண்ட் நன்றாக இருக்க முடியும். அதைத் தீர்மானிப்பது காரை எங்கே நிறுத்துகிறோம், எப்படித் துடைக்கிறோம் என்ற இரண்டு விஷயங்கள்தான்.

கார் பெயிண்ட்டில் எத்தனை அடுக்கு?

கார் பெயிண்ட் ஒரே பூச்சு கிடையாது. தகட்டின் மேல் முதலில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அடுத்து நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் கையால் தொடுவது இந்தக் கிளியர் கோட்டைத்தான்.

எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். அதாவது, காரின் பளபளப்பைக் காப்பாற்றும் அடுக்கு ஒரு தலைமுடியை விட மெல்லியது.

வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் வேதிப்பொருட்கள் கிளியர் கோட்டிலேயே கலந்திருக்கின்றன. எனவே, ஷோரூமில் இருந்து வெளியே வரும் கார் பாதுகாப்பே இல்லாமல் வருவதில்லை. ஒரு பாதுகாப்புக்கு மேல் இன்னொரு பாதுகாப்பு போடலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

எது என்ன?

வேக்ஸ்: பழைய முறை. பிரேசிலில் வளரும் ஒரு வகைப் பனையின் இலையில் இருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு இதில் பிரபலம். வீட்டிலேயே தேய்க்கலாம். நம்ம ஊர் வெயிலில் சில வாரங்கள் தாங்கும்.

டெஃப்ளான் கோட்டிங்: 1938-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள் இது. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் இருப்பதும் இதுதான். ஆனால் தோசைக்கல்லில் இது ஒட்டிப் பிடிக்க 300 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்க வேண்டும். காரை அப்படிச் சூடாக்க முடியாது. அதனால் காரில் போடப்படும் 'டெஃப்ளான் கோட்டிங்' நடைமுறையில் ஒரு நல்ல பாலிஷ் போலத்தான். சில மாதங்களில் போய்விடும்.

செராமிக் கோட்டிங்: சிலிக்கா அடிப்படையிலான திரவம். சின்ன பாட்டிலில் வரும். பெயிண்ட்டின் மேல் தடவினால் இறுகி, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். தடிமன் பொதுவாக ஒன்று, இரண்டு மைக்ரான்தான். நல்ல தரமானதாக இருந்து, சரியாகப் போட்டு, ஒழுங்காகப் பராமரித்தால் சில வருடங்கள் தாங்கும். 'கிராஃபீன் கோட்டிங்' என்று விற்பனையாவதில் பெரும்பாலானவை இதே செராமிக் வகையில் கிராஃபீன் சார்ந்த பொருளைச் சிறிதளவு சேர்த்தவைதான். செய்யும் வேலையும் ஏறக்குறைய அதேதான்.

பிபிஎஃப்: இது பூச்சு இல்லை, ஒட்டும் ஃபிலிம். டிபியு எனப்படும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கில் செய்தது. தடிமன் சுமார் 150 முதல் 200 மைக்ரான். செராமிக் கோட்டிங்கை விட நூறு மடங்கு வரை தடிமன்! வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க உருவான தொழில்நுட்பத்தில் இருந்து வந்தது இது. லேசான கீறல் விழுந்தால், வெயில் சூட்டிலேயே தானாக மறையும் வகைகளும் உண்டு. ஆழமாக வெட்டுப்பட்டால் மறையாது.

'9 ஹெச்' என்றால் வைரம் மாதிரியா?

செராமிக் கோட்டிங் விளம்பரங்களில் '9 ஹெச் கடினத்தன்மை' என்ற வார்த்தை கட்டாயம் இருக்கும். வைரத்தின் கடினத்தன்மை 10 என்று பள்ளியில் படித்திருப்போம். அப்போ 9 என்றால் கிட்டத்தட்ட வைரம்தானே என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் குழப்பம்.

வைரத்துக்கு 10 கொடுப்பது மோஸ் அளவுகோல். கனிமங்களுக்கானது. '9 ஹெச்' என்பது பென்சில் சோதனை. ஹெச்பி, 2பி, 4ஹெச் என்று ஓவியப் பென்சில் வாங்குவோமே, அதே பென்சில்தான். பூச்சின் மேல் பென்சிலைச் சாய்த்து அழுத்தித் தள்ளும்போது, கடினமான 9 ஹெச் பென்சிலாலும் கீற முடியவில்லை என்பது மட்டுமே இதன் பொருள்.

நம்ம ரோட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ் என்ற கனிமம். மோஸ் அளவில் அது 7. எந்தப் பென்சில் முனையை விடவும் பல மடங்கு கடினம். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைத்தால், 9 ஹெச் கோட்டிங் இருந்தாலும் கீறல் விழத்தான் செய்யும்.

தண்ணீர் உருண்டு ஓடும் டெமோ எதைக் காட்டுகிறது?

பானெட்டில் ஒரு பாதியில் கோட்டிங் போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்கள். கோட்டிங் போட்ட பக்கம் தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடும். பார்க்க அழகாக இருக்கும். மார்க்கர் பேனாவால் எழுதி, துடைத்தும் காட்டுவார்கள்.

இரண்டு டெமோவும் பொய் இல்லை. ஆனால் அவை நிரூபிப்பது ஒன்றைத்தான்: மேற்பரப்பில் எதுவும் எளிதில் ஒட்டவில்லை. கல் பட்டால் என்ன ஆகும், பைக் ஹேண்டில் உரசினால் என்ன ஆகும் என்பதற்கு இதில் பதில் இல்லை. அதோடு, நல்ல வேக்ஸ் போட்டாலும் முதல் சில வாரங்கள் தண்ணீர் இப்படித்தான் உருளும்.

நம்ம ஊரில் பெயிண்ட்டுக்கு யார் எதிரி?

எந்தப் பிரச்சினைக்கு எது உதவும் என்று தனித்தனியாகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

காக்கா எச்சம்: பறவை எச்சத்தில் அமிலத்தன்மை உண்டு. வெயிலில் கிளியர் கோட் லேசாக இளகும். மேலே காய்ந்து இறுகிய எச்சத்தின் வடிவத்திலேயே, குளிரும்போது மறுபடி இறுகும். அதனால்தான் கழுவிய பிறகும் தடம் தெரிகிறது. செராமிக் கோட்டிங் இருந்தால் கழுவக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். நாள் கணக்கில் விட்டால் அதன் மேலும் தடம் விழும்.

மரத்தடி பிசுபிசுப்பு: புங்க மரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் காலையில் கார் முழுக்க பிசுபிசுப்பு. இதைச் சுலபமாகக் கழுவ செராமிக் நிச்சயம் உதவும்.

போர் தண்ணீர்: உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விட்டால் வெள்ளைப் புள்ளிகள் விழும். செராமிக் போட்டால் இது வராது என்று நினைப்பது தவறு. தண்ணீர் முத்து முத்தாக நின்று காய்வதால் புள்ளிகள் இன்னும் தெளிவாகவே தெரியும். கழுவியவுடன் துணியால் ஒற்றி எடுப்பதுதான் தீர்வு.

துடைக்கும் துணி: அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒரு பக்கெட் தண்ணீர், ஒரே துணி, பத்து கார். முந்தின காரின் மணல் அடுத்த காரில் உப்புத்தாள் வேலை செய்கிறது. வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். கறுப்பு காரில் இது பளிச்சென்று தெரியும். செராமிக் இதைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

ஹைவேயில் கல்: ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் பம்பரிலும் பானெட்டிலும் பொட்டுப் பொட்டாகப் பெயிண்ட் பெயரும். இதற்கு பிபிஎஃப் மட்டும்தான் பதில்.

கடல் காற்று: ஈசிஆர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோரத்தில் துரு முக்கியமான பயம். ஆனால் துரு அதிகம் தொடங்குவது காரின் அடியிலும், பெயிண்ட் பெயர்ந்த இடங்களிலும், தகடுகள் சேரும் இடுக்குகளிலும்தான். மேலே போடும் செராமிக் அங்கே போய்ச் சேராது. அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுவதே முக்கியம்.

பூஜைப் பொட்டு: புது வண்டி பூஜை, ஆயுத பூஜைக்கு பானெட்டில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் காய்ந்த பிறகு சுரண்டினால் கீறல் விழும். தண்ணீரில் ஊற வைத்து, மெதுவாக எடுத்தால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். பொதுவாக டெஃப்ளான் சில ஆயிரங்களில் முடியும். செராமிக் காரின் அளவைப் பொறுத்து 15 ஆயிரத்தில் தொடங்கி 40 ஆயிரம், அதற்கு மேலும் போகும். முழு காருக்கும் பிபிஎஃப் என்றால் பெரும்பாலும் 60 ஆயிரத்தைத் தாண்டி, லட்சக்கணக்கில்கூட போகலாம்.

உதாரணத்துக்கு, செராமிக் 30 ஆயிரம் ரூபாய், 3 வருட வாரண்டி என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. வருடா வருடம் மெயின்டனன்ஸ் 3 ஆயிரம் என்று இரண்டு முறை சேர்த்தால் மொத்தம் 41,400. மாதக் கணக்கில் 1,150 ரூபாய்.

இன்னொரு பக்கம், நல்ல கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் துணிகள், நாமே அடிக்கும் ஸ்ப்ரே சீலன்ட் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 3 ஆயிரம் என்று வைத்தால், மாதம் 250 ரூபாய். மூன்று வருடத்தில் 32 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ஆனால் இதில் உங்கள் ஞாயிற்றுக்கிழமை உழைப்பும் சேர வேண்டும். அந்த உழைப்பு மிச்சமாவதற்குத்தான் மீதிப் பணம் கொடுக்கிறோம் என்று எடுத்துக்கலாம்.

"ரீசேல் வேல்யூ கூடும்" என்றும் சொல்வார்கள். பழைய கார் வாங்குபவர் முதலில் பார்ப்பது ஓடிய கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு, விபத்தில் அடிபட்டதா என்பதைத்தான். பளபளப்பு பேச்சைத் தொடங்க உதவும். கோட்டிங்குக்குக் கொடுத்த 30 ஆயிரம் அப்படியே திரும்பி வரும் என்று நம்ப வேண்டாம்.

சரி, யாருக்குத் தேவை?

செராமிக் போடலாம் என்றால்:

• காரைத் தினமும் வெயிலிலோ மரத்தடியிலோ நிறுத்த வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள்
• குறைந்தது 4, 5 வருடம் அதே காரை வைத்திருக்கப் போகிறவர்கள்
• கறுப்பு போன்ற அடர் நிறக் கார் வைத்து, அதைத் தாங்களே சரியாகக் கழுவப் பொறுமை உள்ளவர்கள்

பிபிஎஃப் பற்றி யோசிக்கலாம் என்றால்:

• ஹைவேயில் அடிக்கடி நீண்ட தூரம் போகிறவர்கள். முழு காருக்கும் வேண்டாம். பம்பர், பானெட், கண்ணாடி மூடி, கதவு ஓரம், கைப்பிடிக் குழி ஆகிய இடங்களில் மட்டும் ஒட்டினாலே பெரிய பயன் கிடைக்கும்
• பெயிண்ட் வேலைக்கே பெரும் செலவாகும் விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர்கள்

செலவு வேண்டாம் என்றால்:

• மூடிய பார்க்கிங் இருந்து, வாரம் ஒருமுறை மட்டும் கார் எடுப்பவர்கள்
• ஓரிரு வருடத்தில் காரை மாற்றப் போகிறவர்கள்
• பைக்குகள் உரசும் குறுகிய தெருவில் நிறுத்துபவர்கள். அந்த உரசலை செராமிக் தடுக்காது
• பெயிண்ட் ஏற்கெனவே மங்கிய பழைய கார் வைத்திருப்பவர்கள். கிளியர் கோட் உரிந்திருந்தால் எந்தக் கோட்டிங்கும் அதைத் திரும்பக் கொண்டு வராது
• லோனை நீட்டி இந்தத் தொகையையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருப்பவர்கள். கோட்டிங் தேய்ந்த பிறகும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்

ஷோரூமில் கட்டாயப்படுத்தினால்?

கோட்டிங் என்பது காரின் விலையில் சேர்ந்தது இல்லை. தனி சேவை. "இந்த பேக்கேஜ் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பொருளை வாங்க, இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியே ஆகணும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாடான வணிக நடைமுறை என்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

முதல் வேலையாக, புக்கிங் நேரத்திலேயே விலைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்க. 'அக்சஸரீஸ்', 'கேர் பேக்கேஜ்' என்று ஒரே வரியில் தொகை இருந்தால், அதற்குள் என்ன இருக்கு என்று பிரித்துக் கேளுங்க. இப்பவே முடிவு எடுக்கணும் என்ற அவசரமும் இல்லை. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, வெளியே இரண்டு கடைகளில் விலை விசாரித்துப் போட்டாலும் ஒன்றும் கெட்டுப் போகாது.

போடுவது என்று முடிவு செய்தால் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்தப் பிராண்ட்? சீல் உடைக்காத பாட்டிலைக் கண் முன்னால் காட்டுவீர்களா?
2. எத்தனை நாள் ஆகும்? காரை நன்றாகக் கழுவி, ஒட்டிய துகள்களை எடுத்து, பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பிறகுதான் கோட்டிங் போட வேண்டும். காய்வதற்கும் நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்றால் உஷாராகுங்க.
3. வாரண்டி எதற்கு? கீறலுக்கா, பளபளப்பு குறைவதற்கா? பெரும்பாலும் கீறல் அதில் வராது.
4. வருட மெயின்டனன்ஸ் தவறினால் வாரண்டி போய்விடுமா? அதற்கு எவ்வளவு செலவு?
5. மெயின்டனன்ஸ் என்ற பெயரில் ஒவ்வொரு முறையும் மெஷின் பாலிஷ் போடுவீர்களா? தேய்க்கும் பாலிஷ் ஒவ்வொன்றும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் கரைக்கும். நம்மிடம் இருப்பதே தலைமுடியை விட மெல்லிய அடுக்கு.
6. விபத்தில் ஒரு கதவை மறுபடி பெயிண்ட் அடித்தால், அந்தக் கதவுக்கு மட்டும் திரும்பக் கோட்டிங் போடுவீர்களா? யார் செலவில்?

பிபிஎஃப் என்றால் கூடுதலாக ஒன்று. அது டிபியு ஃபிலிமா, விலை குறைந்த பிவிசி ஃபிலிமா என்று பில்லில் எழுதி வாங்குங்க. மட்டமான ஃபிலிம் வெயிலில் மஞ்சளாகும், பிரிக்கும்போது பசை ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆர்.சி.யில் காரின் நிறமும் பதிவாகியிருக்கும். எனவே நிறம் மாற்றும் ஃபிலிம் என்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரிச்சுட்டு ஒட்டுங்க.

கோட்டிங் போட்டாலும் போடாவிட்டாலும் இதைச் செய்யுங்க

• தூசி இருக்கும் காரை உலர்ந்த துணியால் துடைக்காதீங்க. முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்க.
• இரண்டு பக்கெட் வைங்க. ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர்.
• பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்பு வேண்டாம். மேலே இருக்கும் வேக்ஸையும் சீலன்ட்டையும் அது கழுவிக் கொண்டுபோய்விடும்.
• தினமும் கார் துடைக்க வரும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ உங்க காருக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணி தனியாகக் கொடுங்க. தினமும் துடைப்பதற்குப் பதில், வாரம் இரண்டு முறை நல்லா கழுவச் சொன்னால் இன்னும் நல்லது.
• பறவை எச்சத்தைப் பார்த்தவுடன் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து எடுங்க. காரிலேயே ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில் இருந்தால் போதும்.
• தூசி படிந்த கார் மேல் கவர் போடாதீங்க. காற்றில் கவர் ஆடும்போது அதுவே தேய்த்துக் கீறும்.

இறுதியாக...

ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி "கோட்டிங் நல்லதா?" என்பது இல்லை. "என் காருக்கு வரப்போகும் பிரச்சினை என்ன, இது அதைத் தீர்க்குமா?" என்பதுதான். கழுவும் வேலை குறையணும் என்றால் செராமிக்குக்கு அர்த்தம் இருக்கு. கல்லடிக்குப் பயம் என்றால் முன்பக்கத்துக்கு மட்டும் பிபிஎஃப். கீறல் விழவே கூடாது என்ற எண்ணத்தில் செராமிக் போடுவதாக இருந்தால், அந்த 30 ஆயிரத்தைக் கையிலேயே வைத்திருங்க. ஒரு கதவுக்கோ பம்பருக்கோ மறுபடி பெயிண்ட் அடிக்க நேர்ந்தால், அன்றைக்கு உதவப் போவது அந்தப் பணம்தான்.